கீழே யாருமில்லை

சுரங்கத்தில் அவரைக் கொக்கி என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று சம்பளப் பட்டியலில் இருக்கத்தான் இருந்தது. ஆனால் அதைச் சொல்லிக் கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து அவர் பாட்டுக்கு நடந்து போய்விடுவார். பட்டப்பெயருக்குக் காரணம் இரண்டு சொல்வார்கள். இருபத்தெட்டு வயதில், நிலக்கரி வெட்டும் இடத்தில் கூரை சரிந்து வலது கையில் இரண்டு விரல் போயிற்று; மிஞ்சிய மூன்றும் வளைந்தே நின்றுவிட்டன. அது ஒன்று. அதற்குப் பிறகு அவரை மேலே விளக்கறையில் போட்டார்கள்; அங்கே அவர் பொறுப்பில் முந்நூற்றுப் பன்னிரண்டு கொக்கிகள். அது இன்னொன்று. எது நிஜம் என்று கேட்டால், "கையைப் பார்த்து வச்சவன் ஒருத்தன், பலகையைப் பார்த்து வச்சவன் ஒருத்தன், ரெண்டு பேரும் உருப்படல" என்பார்.

விளக்கறை என்றால் பெரிய மாளிகை இல்லை. ஆட்களை இறக்கி ஏற்றும் கூண்டுக்கு இருபதடி தள்ளி, தகரக் கூரை போட்ட நீள அறை. ஒரு பக்கம் தொப்பியில் மாட்டும் விளக்குகள் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும். எதிர்ச்சுவர் முழுக்க ஒரு மரப்பலகை. அதில் வரிசை வரிசையாகக் கொக்கிகள், ஒவ்வொன்றிலும் எண் பொறித்த பித்தளை டோக்கன். இறங்குகிறவன் தன் எண்ணைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்குவான். மேலே வந்ததும் திரும்ப மாட்டுவான். கொக்கி காலியாக இருந்தால் ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். இவ்வளவுதான் சங்கதி.

இருபத்தாறு வருஷம் அந்தப் பலகையை அவர் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தார். ஷிப்ட் முடிந்து ஒரு கொக்கி காலியாக இருந்தால் வீட்டுக்குப் போக மாட்டார். முதலில் கூண்டுக்காரரைக் கேட்பார், பிறகு குளிக்கும் இடம், பிறகு டீக்கடை, கடைசியில் ஆளின் வீடு. ஒரு தடவை முடிவெட்டும் கடையில் பாதி முகம் சோப்போடு உட்கார்ந்திருந்த ஒருவனின் பையில் கையை விட்டு டோக்கனை எடுத்து, "நீ செத்துட்டியோன்னு நினைச்சேன்டா பாவி!" என்று முதுகில் ஒன்று வைத்துவிட்டு வந்தார். கடையில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்தவர்களே மறுநாள் காலை அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் நிம்மதியாகக் கூண்டில் ஏறினார்கள்.

இந்த விஷயத்தில் அவருக்கு வாய்த்த பெரிய தலைவலி சொந்த மச்சான்தான், அதாவது மனைவியின் தம்பி. கீழே கிழக்குப் பகுதியில் ஊறும் தண்ணீரை இறைக்கும் பம்பை ஓட்டுகிறவன், அதனால் அவன் பெயரே பம்பு ஆகிவிட்டது. எண் இருநூற்றுப் பதினான்கு. மாதத்துக்கு நாலு தடவையாவது டோக்கனைப் பையில் வைத்தபடியே சைக்கிளில் ஏறி வீட்டுக்குப் போய்விடுவான்.

"உன் தலை கழுத்தோட ஒட்டியிருக்கிறதால தப்பிச்ச மச்சான். இல்லேன்னா அதையும் எங்கேயாவது விட்டுட்டு வந்திருப்ப" என்று இவர் கத்துவார்.

"விடுங்க மாமா, இந்தச் சாக்குலதானே நீங்க நம்ம வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கிறீங்க" என்பான் அவன். கோபமாகப் போனவர் டீ குடித்துவிட்டு வருவார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் அந்தப் பெண் வந்து சேர்ந்தாள். மோட்டார் வண்டித் தொழிற்சாலையில் எட்டு வருஷம் வேலை பார்த்தவளாம். அங்கே நேரத்தையும் பொருளையும் வீணாக்காமல் வேலை செய்யச் சில முறைகள் வைத்திருக்கிறார்களாம். அதைச் சுரங்கத்துக்கும் கொண்டுவரத் தலைமை அலுவலகம் அனுப்பியது. கழுத்தில் ஒரு ஸ்டாப்வாட்ச், கையில் ஓர் அட்டை, வாயில் ஒரே கேள்வி: "ஏன்?" எது தப்பாகப் போனாலும் ஐந்து தடவை ஏன் என்று கேட்க வேண்டும், ஐந்தாவது பதிலில்தான் மூலகாரணம் கிடைக்கும் என்பாள். மூன்றே நாளில் அவளுக்கு ஏன் மேடம் என்று பெயர் விழுந்துவிட்டது.

கொக்கி முதலில் முகம் கொடுக்கவே இல்லை. வண்டி செய்கிறவளுக்குச் சுரங்கம் என்ன தெரியும்? அவள் ஒன்றும் பேசாமல் நான்கு நாள் விளக்கறை மூலையில் நின்று ஸ்டாப்வாட்சை அமுக்கிக்கொண்டிருந்தாள். ஐந்தாம் நாள், "அண்ணே, விளக்கு வாங்குற ஆளும் டோக்கன் கழட்டுற ஆளும் குறுக்கும் நெடுக்கும் நடந்து இடிச்சுக்கிறாங்க. ஷிப்ட் வாரியா விளக்கைப் பிரிச்சு, கதவுக்கு இந்தப் பக்கம் வச்சா என்ன?" என்றாள். வைத்தார்கள். காலையில் இருபத்தைந்து நிமிஷம் நின்ற வரிசை ஒன்பது நிமிஷத்தில் கரைந்தது. கொக்கிக்குத் தூக்கிவாரிப்போட்டது. "இத்தனை வருஷமா நான் கண்ணை மூடிக்கிட்டா இருந்தேன்?" என்று மனைவியிடம் மூன்று நாள் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து ஏன் மேடம் சொன்னால் வேதவாக்கு. தரையில் மஞ்சள் கோடு போட்டார், உபயோகமில்லாத சாமானை எல்லாம் கழித்தார், துடைப்பத்துக்குக்கூட ஓர் இடம் குறித்து அதில் "துடைப்பம்" என்று எழுதி வைத்தார். மனைவி தலையில் அடித்துக்கொண்டாள், "வீட்டுல ஒரு நாள் துடைப்பத்தைத் தொட்டிருப்பாரா இந்த மனுஷன்!"

பலகைக்கும் புதுக் கோலம் வந்தது. ஒவ்வொரு டோக்கனுக்குப் பின்னாலும் அதே அளவில் சிவப்பு வட்டம் தீட்டினார்கள். டோக்கன் இருந்தால் சிவப்பு மறைந்திருக்கும். இல்லாவிட்டால் பளிச்சென்று தெரியும். தொழிற்சாலையில் ஸ்பேனர், சுத்தியல் மாட்டும் பலகைகளில் அப்படித்தானாம். நல்ல யோசனைதான், யார் இல்லையென்றார்கள்? தூரத்திலிருந்தே தெரியுமே.

வினை வந்தது அந்த மார்க் தாளில். தினமும் மூன்று மணிக்கு ஒவ்வொரு பகுதியையும் படம் பிடித்து, நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போட்டுத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவாள். விளக்கறையில், இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்தவர்களின் கொக்கி வரிசைகள் மட்டும் படத்தில் வரும். தாள் தொழிற்சாலையில் அடித்தது. ஒரு சிவப்பு தெரிந்தால் ஒரு மார்க் குறையும். ஸ்பேனர் அறைக்கும் அதே தாள், விளக்கறைக்கும் அதே தாள். அங்கே காலியிடம் என்றால் ஒரு சாமான் காணோம். இங்கே காலியிடம் என்றால் ஒரு மனுஷன் காணோம். இந்த வித்தியாசம் அந்தத் தாளுக்குத் தெரியாது. இருபத்தாறு வருஷம் குப்பை கொட்டிய கொக்கிக்குமா தெரியாமல் போக வேண்டும்?

தெரிந்துதான் இருந்தது. ஆனால் மனுஷனுக்கு மார்க் பைத்தியம் பிடித்துவிட்டது. படிக்கும் காலத்தில் பாஸ் மார்க்கைத் தாண்டாதவர், ஐம்பத்து நான்கு வயதில் தொண்ணூற்றொன்பது வாங்கினார். நூறு வாங்க விடாமல் செய்தது பம்புவின் கொக்கி ஒன்றுதான். ஸ்பேனர் அறைக்காரருக்கு நூறு வந்துவிட்டது. அவர் சும்மா இருப்பாரா? "என்ன கொக்கி, வெளியாள் யாரும் வேண்டாம், உங்க மார்க்கைத் தின்ன உங்க மச்சான் ஒருத்தனே போதும் போல!" என்று டீக்கடையில் பத்துப் பேர் நடுவில் கேட்டார். இவருக்குச் சுருக்கென்று தைத்தது.

தொலைந்துபோனால் கொடுப்பதற்கென்று ஒரு தகர டப்பாவில் மாற்று டோக்கன்கள் உண்டு. முன்பக்கம் அச்சாக அதே எண்; பின்பக்கம் மட்டும் ஒரு சின்னப் புள்ளி. ஒரு நாள் மூன்று மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது டப்பாவைத் திறந்தார். இருநூற்றுப் பதினான்கை எடுத்து மாட்டினார். படம் எடுத்ததும் கழற்றிவிட்டு, நேரே பம்பு வீட்டுக்குப் போய் அசல் டோக்கனை வாங்கி வந்தார். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. இரண்டாவது தடவை படம் எடுத்த பிறகு போக அலுப்பாக இருந்தது. மறுநாள் காலை அவன் வந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டார். ஐந்தாவது தடவை வெட்கமும் இல்லை, யோசனையும் இல்லை. மாதக் கடைசியில் சிறந்த பகுதி என்று கேடயம் கொடுத்துக் கைதட்டினார்கள். பம்புதான் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினான்.

அந்தச் சனிக்கிழமை வந்தது. சனிக்கிழமைகளில் இரண்டு மணி ஷிப்டோடு சரி, பிறகு திங்கள் காலை வரை யாரும் இறங்குவதில்லை. அன்று கிழக்குப் பகுதிக்கு மின்சாரம் போகும் கேபிளை மாற்றுவதாக ஏற்பாடு. கேபிளை எடுத்தால் அந்தப் பகுதிக்குக் காற்று அனுப்பும் விசிறி நிற்கும், பம்பும் நிற்கும். அதனால் கீழே யாருமில்லை என்று விளக்கறையிலிருந்து கையெழுத்து வந்தால்தான் கேபிளில் கைவைப்பார்கள்.

இரண்டே முக்காலுக்குப் பலகையில் ஒரே ஒரு சிவப்பு. இருநூற்றுப் பதினான்கு.

"கிளம்பிட்டான் பாரு கழுதை" என்று முணுமுணுத்துக்கொண்டே கொக்கி டப்பாவைத் திறந்தார். மாட்டினார். கைத்துணியால் ஒரு துடைப்பும் துடைத்தார். பிறகு தாளை இழுத்து, "கீழே யாருமில்லை" என்ற வரிக்கு எதிரே மூன்று விரலால் கையெழுத்துப் போட்டார். மூன்று மணிக்கு ஏன் மேடம் படம் எடுத்தாள். "நூறு அண்ணே!" என்று கட்டை விரலை உயர்த்திக் காட்டிவிட்டுக் கேபிள் வேலையைப் பார்க்கப் போனாள்.

வீட்டுக்கு வந்து குளித்தார், சாப்பிட்டார், கண்ணயர்ந்தார். ஐந்து மணி இருக்கும், வாசலில் குரல் கேட்டது. பம்புவின் மனைவி. கொக்கி அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார்.

"அண்ணே, அவரு இங்க வந்தாரா?"

"இல்லையே தங்கச்சி. இன்னும் வீட்டுக்கு வரலையா?"

"வரலண்ணே. சாப்பாடு ஆறிப்போய்க் கிடக்கு. எங்கேயாவது போறதா இருந்தாலும் சாப்பிட்டுட்டுத்தான் போவாரு. வர்ற வழியில எட்டிப் பார்த்தேன், சைக்கிள் சுரங்கத்து ஸ்டாண்டுலயே நிக்குது."

சைக்கிள் என்ற சொல் காதில் விழுந்ததும் கொக்கி எழுந்து வாசலைத் தாண்டினார். செருப்பைக்கூடப் போடவில்லை. பனியனோடு தெருவில் ஓடினார். பின்னால் மனைவி, "என்னங்க, என்ன ஆச்சு, சொல்லிட்டுப் போங்க!" என்று கத்தினாள். தங்கச்சி மட்டும் ஒன்றும் கேட்காமல் அவருக்குப் பின்னாலேயே ஓடி வந்தாள்.

ஸ்டாண்டில் ஒரே ஒரு சைக்கிள் நின்றது. அதைப் பார்க்காதவர்போல் தாண்டி ஓடி விளக்கறையைத் திறந்தார். பலகை முழுசாகப் பளபளவென்று இருந்தது. ஒரு சிவப்பு இல்லை. இருநூற்றுப் பதினான்கைக் கையில் எடுத்துத் திருப்பினார். பின்பக்கம் புள்ளி. தான் மாட்டியதுதான் என்று தெரியாதா என்ன, ஆனாலும் திருப்பிப் பார்த்தார். இரண்டு தடவை பார்த்தார்.

கேபிள் வேலை நடக்கும் கொட்டகையில் மின்சார ஃபோர்மேனும் நான்கு ஆட்களும் குனிந்திருந்தார்கள். பக்கத்தில் ஏன் மேடம் ஸ்டாப்வாட்சோடு நின்றாள்.

"பவரைப் போடுங்க! கீழே ஆள் இருக்கு!"

ஃபோர்மேன் நிமிர்ந்தார். "என்னய்யா சொல்றீங்க? கீழே யாருமில்லைன்னு நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க?"

"போட்டேன். என் மச்சான் கீழ இருக்கான்."

"இல்லண்ணே," என்றாள் ஏன் மேடம், "பலகை முழுசா இருந்துச்சே, நானே படம் எடுத்தேனே."

கொக்கி உள்ளங்கையை விரித்து டோக்கனைக் காட்டினார். "இது டப்பாவுல இருந்து எடுத்தது. நான் மாட்டினேன் மேடம்."

"ஏன்?"

"நூறு மார்க் வரணும்னு."

ஐந்து தடவை கேட்கிறவள் ஒரே தடவையோடு நின்றுவிட்டாள். முகத்தில் ரத்தம் வற்றி, கையிலிருந்த அட்டையை எங்கோ போட்டாள். பின்னால் ஓடி வந்த தங்கச்சி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். அவள் அழவில்லை. அவரைப் பார்த்தபடி நின்றாள், அவ்வளவுதான். அந்தப் பார்வைக்கு அவர் எந்தப் பக்கமும் ஒதுங்க முடியவில்லை.

விசிறி நின்று இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. தண்ணீர் இறைக்கும் பம்பு மோட்டார் நின்றும் அவ்வளவு நேரம். கிழக்குப் பகுதியில் மணிக்கு ஒரு சாண் தண்ணீர் ஊறும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். பழைய கேபிளை உருவியாகிவிட்டது, புதியது பாதிதான் சேர்ந்திருந்தது. ஃபோர்மேன் கத்தினார், "முதல்ல விசிறி. காத்து சரியானாத்தான் ஆள் உள்ள போகலாம். ஓடுங்கடா!" முன்னேயெல்லாம் இந்த வேலைக்கு ஞாயிறு சாயங்காலம்வரை ஆகும். சாமான்களை முன்கூட்டியே வரிசைப்படி எடுத்து வைத்து நான்கு மணி நேரத்தில் முடிப்பதாக ஏன் மேடம் திட்டம் போட்டிருந்தாள். அந்த வரிசை இருந்ததால் தேடாமல் எடுத்துத் தேடாமல் மாட்டினார்கள். இருபத்திரண்டு நிமிஷத்தில் விசிறி சுற்றியது. நல்லதும் அதே கையிலிருந்து வந்தது, கெட்டதும் அதே கையிலிருந்து வந்தது. யாரைப் போய்த் திட்டுவது?

மீட்புக் குழு மூச்சுக் கருவிகளை மாட்டிக்கொண்டு கூண்டில் ஏறியது. கொக்கியும் ஏறப் போனார். மேனேஜர் மார்பில் கைவைத்துத் தடுத்தார். "நீங்க இனிமே எதையும் தொடக் கூடாது" என்றார், அதுவும் மெதுவாக. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

ஏழு மணிக்குக் கூண்டு மேலே வந்தது. பம்பு ஸ்ட்ரெச்சரில் கிடந்தான். நெஞ்சுவரை ஈரம், உதடு நீலம், ஆனால் கண் திறந்திருந்தது. கூட்டத்தில் யாரோ "உயிர் இருக்கு!" என்று அலறினார்கள். கொக்கி அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். ஷிப்ட் முடியும் நேரத்தில், அடுக்கி வைத்திருந்த இரும்புக் குழாய் ஒன்று உருண்டு அவன் இடது முழங்காலுக்குக் கீழே விழுந்து அமுக்கியிருக்கிறது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் அதன் அடியிலேயே கிடந்திருக்கிறான்.

இரவோடு இரவாக அந்தக் காலை எடுத்துவிட்டார்கள். டாக்டர் வெளியே வந்து சொன்னார், "ரெண்டு மணி நேரம் முன்னாடி வந்திருந்தா காலைக் காப்பாத்தியிருப்பேன்." தங்கச்சி பக்கத்தில்தான் நின்றாள்.

ஞாயிறு மத்தியானம் பம்புவுக்கு நன்றாக நினைவு திரும்பியது. மாமாவைப் பார்க்க வேண்டும் என்றானாம். கொக்கி உள்ளே போனார். சாயம் வெளுத்த பச்சைப் போர்வை, வலது பக்கம் பாதம் வரை மேடாக இருந்தது, இடது பக்கம் பாதியிலேயே படுத்துவிட்டது. பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தார். தங்கச்சி ஜன்னலோரம் கையில் தம்ளரோடு நின்றாள்.

"உக்காருங்க மாமா. ஏன் இப்படிப் பேய் அறைஞ்ச மாதிரி இருக்கீங்க? கால்தானே போச்சு, ஆள் இருக்கேன்ல?"

கொக்கி உட்காரவில்லை.

"ஒரு கம்பி கைக்கு எட்டுற தூரத்துல கிடந்துச்சு மாமா. நெம்பிப் பார்த்திருக்கலாம். மேல ரெண்டு குழாய் ஆடிக்கிட்டு இருந்துச்சு, நெம்பினா அதுவும் சரிஞ்சு விழுமோன்னு விட்டுட்டேன். எதுக்கு அவசரப்படணும்? ரெண்டு மணி ஆச்சு, இந்நேரம் மாமா பலகையைப் பார்த்திருப்பாரு, என் கொக்கி காலியா இருக்கும், சத்தம் போட்டுக்கிட்டே ஆளை இறக்கியிருப்பாருன்னு நினைச்சேன். சார்ஜ் வீணாகக் கூடாதுன்னு விளக்கைக்கூட அணைச்சிட்டேன். தண்ணி இடுப்புக்கு வந்தப்பகூட நான் பயப்படலையே. ஏன் மாமா அவ்வளவு நேரம் ஆச்சு? கூண்டு ஏதும் ரிப்பேரா?"

கொக்கி கட்டில் கம்பியை அந்த மூன்று விரலால் பிடித்துக்கொண்டார். ஆமாம் ரிப்பேர்தான் என்று சொல்லிவிட்டால் முடிந்தது, அவன் நம்பிவிடுவான்; அவர் சொல்வதை எப்போதுமே நம்புகிறவன்.

"உன் கொக்கி காலியா இல்லடா மச்சான்" என்றார். "டப்பாவுல இருந்து எடுத்து நான் ஒண்ணு மாட்டிட்டேன். நீ வீட்டுக்குப் போயிட்டேன்னு நினைச்சு, கீழே யாருமில்லைன்னு கையெழுத்தும் போட்டுட்டேன்."

பம்பு சிரித்தான். "சும்மா இருங்க மாமா, இந்த நேரத்துல போய் விளையாடிக்கிட்டு! இவரு போய் அப்படிச் செய்வாராம், கேட்டியா?" என்று மனைவி பக்கம் திரும்பினான்.

அவள் சிரிக்கவில்லை. தம்ளரை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, முகத்தை மூடிக்கொண்டாள்.

பம்பு அவளையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பினான்.

"நீங்களா மாமா?"